ஆறு மாதத்தில் நர்சா?

(தாராவியில் நம் சங்கத்தின் மாதர் பிரிவு கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தாய்மார்களே, தோழர்களே, பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு ‘அடுத்து என்ன’ என்ற கேள்வியோடு வந்திருக்கும் தங்கைகளே! 

90 அடி ரோட்டிலிருந்து இந்த மண்டபத்துக்கு நடந்து வரும் வழியில் எத்தனை போர்டு பார்த்தீர்கள்? ‘நர்சிங் கோர்ஸ், 6 மாதம், வேலை உத்தரவாதம்.’ நாங்கள் எண்ணிக்கொண்டே வந்தோம். நான்கு இருந்தன. அதில் ஒன்றைத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் மேல் அவ்வளவு பாசம்!

சென்ற மழைக்காலத்தில் ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்தார். விடியற்காலையில் இட்லி அவித்து, கணவர் தலையில் பாத்திரத்தை ஏற்றி அனுப்பிவிட்டு, பிறகு நான்கு வீட்டில் வேலை பார்க்கும் தாய். சீட்டுப் பணத்தை எடுத்து 35,000 ரூபாய் கட்டி மகளை அப்படி ஒரு ‘கோர்ஸில்’ சேர்த்திருந்தார். பெண்ணும் ஒழுங்காகப் படித்தாள். தங்க முத்திரை போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரு நர்சிங் ஹோமில் இரவு வேலை, பன்னிரண்டு மணி நேரம், மாதம் எட்டாயிரம். வெள்ளைச் சட்டை போட்டு ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் பெருமை.

ஒரு நாள் இரவு, அன்று பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்கு 52. கோர்ஸில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ‘மூச்சு 16 முதல் 20 வரை’ என்ற ஒரே ஒரு வரிதான். பதறிப்போய் டாக்டரை எழுப்பினாள். ‘பச்சைக் குழந்தைக்கு அது சரியான மூச்சு, இதுகூடத் தெரியாதா’ என்று எல்லோர் முன்னாலும் திட்டு விழுந்தது. பத்து நாள் கழித்து எழுபது வயதுப் பாட்டி ஒருவர். மூச்சு 32. காய்ச்சல் இல்லை. பாட்டி ஊர்ப் பெயரையும் செத்துப்போன தம்பி பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு முன்பு வாங்கிய திட்டு ஞாபகம் வந்தது. யாரையும் எழுப்பவில்லை. காலையில் பார்த்தால் நுரையீரல் முழுக்கக் கிருமி. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாட்டி பிழைத்துக்கொண்டார். பெண்ணுக்கு வேலை போயிற்று. இரவு நோட்டில் ‘நர்சு’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது அவள்தானே! அந்தக் கையெழுத்தைப் போடும் உரிமை அவளுக்கு இல்லை என்று தெரிந்தே போட வைத்தவர்களை யாரும் கேட்கவில்லை.

தோழர்களே, இதில் அந்தப் பெண்ணின் குற்றம் எங்கே? நர்சுப் படிப்பின் உயிர்நாடியே அவளுக்குச் சொல்லித் தரப்படவில்லை. ஒரு வயதில் ஆரோக்கியமாக இருக்கும் அளவு இன்னொரு வயதில் ஆபத்து. பிறந்த குழந்தையின் மூச்சு நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இருக்கலாம். வளர்ந்தவருக்கு 12 முதல் 20. குழந்தையின் நாடி 140 துடித்தால் நிம்மதியாக இருக்கலாம். படுத்திருக்கும் பெரியவருக்கு 140 துடித்தால் ஓட வேண்டும். வயதானவருக்கு நுரையீரலில் கிருமி புகுந்தாலும் காய்ச்சல் வராமலே போகலாம். புத்தி தடுமாறிப் பேசுவதே முதல் அடையாளமாக இருக்கும். ‘வயசாச்சு, உளறுது’ என்று நாமே எத்தனை வீட்டில் விட்டிருக்கிறோம்!

வந்த தாய்மார்கள் இதை மட்டுமாவது வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். சளி இருமலோடு இருக்கும் குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் காத்திருக்கக் கூடாது.

மருந்தும் அப்படித்தான். பெரியவருக்கு மாத்திரைக் கணக்கு. குழந்தைக்கு எடைக் கணக்கு. கிழவருக்கோ சிறுநீரகம் தளர்ந்திருக்கும், அதே மாத்திரை உடம்பிலேயே தங்கிவிடும். குறைந்த எடையில் பிறந்த குழந்தை சூட்டை இழந்தே செத்துப்போகும். அதைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி வைப்பதே பெரிய வைத்தியம். கொலம்பியா நாட்டில் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில், சூட்டுப் பெட்டிகள் போதாமல் 1978இல் தொடங்கிய முறை அது. இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். இல்லாதவர்கள் கண்டுபிடித்தது!

இப்போது இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மவுசிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மராத்தியில் மவுசி என்றால் தாயின் சகோதரி. ஆஸ்பத்திரிகளில் ஆயாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே கான்டிராக்டர் மூலம் கூலி கொடுப்பார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போடாவிட்டால் முதுகும் இடுப்பும் புண்ணாகிவிடும் என்பதை நமக்குச் சொல்லிக் கொடுத்தது இவர்களில் ஒருவர்தான். குதிகாலையும் பார்க்கச் சொன்னார். அங்கே புண் வந்தால் யார் கண்ணிலும் படாதாம். நர்சிங் பாடப் புத்தகத்தில் உள்ளதும் அதேதான். இவருக்குப் புத்தகம் கிடைக்கவில்லை, வேலை மட்டும் கிடைத்தது.

குறுகிய காலப் பயிற்சி எல்லாமே மோசடி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1971இல் வங்காளப் போரின்போது, எல்லையோரம் பன்காவ் ஊரில் அகதிகள் காலராவில் மடிந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலநபிஸ் உப்பும் சோடாவும் குளுக்கோசும் தண்ணீரில் கலந்து, நோயாளிகளின் அண்ணன் தம்பி, அம்மா அப்பா கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். அந்த முகாமில் சாவு 100க்கு 30 என்ற நிலையிலிருந்து 4க்கும் கீழே இறங்கியது. செய்தவர்கள் யார்? ஒரு நாள் கூடப் பயிற்சி இல்லாத நம்மைப் போன்றவர்கள். சரியான ஒன்றை நேர்மையாகச் சொல்லிக் கொடுத்தார்கள், அதைச் செய்தார்கள். அவர்களை யாரும் நர்சு என்று சொல்லி வேறு வார்டில் தனியாக நிறுத்தவில்லை.

ஆகையால் பெயரைப் பாருங்கள். ‘ஜெனரல் டூட்டி அசிஸ்டன்ட்’ என்று அரசாங்கத் திறன் பயிற்சித் திட்டத்தில் சில மாதப் படிப்பு இருக்கிறது. நோயாளியைக் குளிப்பாட்டுவது, நகர்த்துவது, உணவு ஊட்டுவது என்று உதவியாளர் வேலை. அது அசிஸ்டன்ட் என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது, மரியாதையான வேலை. நர்சு என்றால் வேறு. ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, பெண்களுக்கு மட்டும். ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பையன்களும் சேரலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, அதற்குப் பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஏ.என்.எம்.முக்கு எந்தப் பிரிவில் பன்னிரண்டு முடித்திருந்தாலும் போதும், 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

ஜி.என்.எம். முதல் ஆண்டில் முதல் வேலையே படுக்கை விரிப்பது! சிரிக்காதீர்கள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் அதுவே புண்ணாகும். பிறகு உடற்கூறு, முதலுதவி. அடுத்த ஆண்டு குழந்தை நலம், மனநலம், அறுவைச் சிகிச்சை வார்டு. அதற்கடுத்து பிரசவம். பிறப்பிலிருந்து இறப்பு வரை ஒவ்வொரு வயது உடம்பின் பக்கத்திலும் நிற்க வைத்துப் பழக்குகிறார்கள். இதை ஆறு மாதத்தில் எப்படி அடைப்பது?

இந்த வகுப்புகளின் பாடத்திட்டம் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்தது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக ஒரு புது ஆணையச் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பெயர் எதுவானாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘படித்து முடித்தால் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்குமா?’ போர்டு வைத்திருப்பவரிடம் இதைக் கேளுங்கள். டீ வாங்கிக் கொடுப்பார், பதில் சொல்ல மாட்டார்.

சரி, உண்மையான படிப்பில் ஏன் நம் பெண்கள் குறைவாக இருக்கிறார்கள்? நாட்டில் நர்சுகள் நிறைந்து வழிகிறார்களா? 1946இல் போர் குழு அறிக்கை கொடுத்தபோது 43,000 பேருக்கு ஒரு நர்சு என்று கணக்கு. அதிலிருந்து எவ்வளவோ ஏறியிருக்கிறோம். ஆனாலும் நம் பகுதி வார்டுகளில் இரவில் ஒரு நர்சு எத்தனை கட்டிலைப் பார்க்கிறார் என்று படுத்துவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள். ஆள் தேவை இருக்கிறது. வாசல்தான் நமக்குக் குறுகலாக இருக்கிறது.

முதலில் காகிதம். அரசுக் கல்லூரி இடத்துக்கு டொமிசைல் சான்றிதழ் கேட்பார்கள். மகாராஷ்டிரத்தில் 15 ஆண்டு வசித்ததைக் காட்ட வேண்டும். குடிசை மாறி, வாடகை வீடு மாறி, ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளி லீவிங் சர்டிபிகேட்டில் இன்னொரு பெயர் என்று இருக்கும் நமக்கு அதுவே மலை. அடுத்தது சாதிச் சான்றிதழ். நெல்லையில், சேலத்தில் ஆதிதிராவிடராக இருப்பவர், தாதரில் ரயிலை விட்டு இறங்கியதும் தீண்டாமை அவரை விட்டு இறங்கிவிடுகிறதா? சட்டம் அப்படித்தான் நினைக்கிறது. 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் வசித்ததைக் காட்டினால்தான் இங்கே ஒதுக்கீட்டுச் சலுகை. 1990இல் உச்ச நீதிமன்றம், ஆந்திரத்திலிருந்து தந்தையோடு மும்பைக்கு வந்து வளர்ந்த ஒரு மாணவரின் மருத்துவக் கல்லூரி வழக்கில் இதைத்தான் உறுதி செய்தது. இங்கேயே பிறந்து, இங்கேயே மராத்தி பேசி வளர்ந்த மூன்றாம் தலைமுறைக்கும் இதே கதை. மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை 1950க்கு முன் தாத்தா தோல் பட்டறையில் வேலை பார்த்த சீட்டோ, பள்ளிப் பதிவோ இருந்தால் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள்.

படித்து வந்தபின் கூலி? 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைந்த குழு, 50 கட்டிலுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 கட்டிலுக்கு மேல் என்றால் மாநில அரசு நர்சுக்குச் சமமான சம்பளம் என்று பரிந்துரைத்தது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டார்கள். விட்ட இடத்திலேயே கிடக்கிறது. எட்டாயிரத்துக்குப் போலிச் சான்றிதழோடு ஆள் கிடைக்கும்வரை இருபதாயிரம் யார் கொடுப்பார்? அந்த ஆறு மாத போர்டு நம் பெண்ணை மட்டும் ஏமாற்றவில்லை; முறையாகப் படித்த நர்சின் கூலியையும் அறுக்கிறது, கட்டிலில் கிடக்கும் நம் தாயையும் ஆபத்தில் தள்ளுகிறது.

நோயாளியைத் தொடும் வேலை கீழான வேலை என்று இன்னும் சில பெற்றோர் முகம் சுளிக்கிறீர்கள். இந்த மாநிலத்தில் பெண்களுக்குப் பள்ளி திறந்த சாவித்திரிபாய் புலே எப்படி இறந்தார்? 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, நோய் கண்ட ஒரு சிறுவனை முதுகில் சுமந்து மருத்துவ விடுதிக்குக் கொண்டு போனார். அந்த நோயே தொற்றி இறந்தார். அவர் ஆசிரியை. அதையும் செய்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து சங்க அலுவலகத்தில் தனி மேசை போடுகிறோம். பிறப்புச் சான்று, லீவிங் சர்டிபிகேட், ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். பெயர் மாறியிருந்தால் அதைத் திருத்தும் மனுவை முதலில் எழுதுவோம், டொமிசைலுக்கு நாளாகும். பணம் கட்டிய ரசீது வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டு வாருங்கள். மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் போலீசில் புகார் கொடுக்க வக்கீல் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மவுசிகளுக்கு மாலை நான்கு மணிக்குத் தனியாக உட்காருவோம், உங்கள் டூட்டி முடிந்த பிறகு.

வேலை போன அந்தப் பெண் இந்த ஆண்டு ஏ.என்.எம். வகுப்புக்கு மனுப் போட்டிருக்கிறாள். இன்னும் முடிவு தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த மேசையில் மனு எழுதித் தரப்போவது அவள்தான். பேனா மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள். போன தடவை சங்கத்துப் பேனா ஆறும் காணாமல் போய்விட்டன.