அடியில் கிளம்புவது எந்த மரத்துத் துளிர்?



நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும் தோட்டத்து மரங்களின் அடியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சப்போட்டா, மாதுளை, கறிவேப்பிலை, ரோஜா என்று பலவற்றின் தூரிலும் இளந்துளிர்கள் கிளம்பியிருக்கும். மரம் செழிப்பாகத் தழைக்கிறது என்று சிலர் விட்டுவிடுவார்கள். வேறு சிலர் அரிவாளை எடுத்து நறுக்கிவிடுவார்கள். எதைச் செய்வதற்கு முன்னும், அந்தத் துளிர் எந்தச் செடியுடையது என்று பார்க்க வேண்டும்.

சப்போட்டாவையே எடுத்துக்கொள்வோமே. நாற்றுப்பண்ணையில் ஒரு கன்று என்று வாங்குகிறோம். உள்ளபடி அது இரண்டு மரம். மேலே பி.கே.எம். 1 போன்ற நல்ல ரகம். கீழே மண்ணில் வேரூன்றி நிற்பது பாலை. விதையிலிருந்து வரும் சப்போட்டா மெதுவாக வளரும், காய்ப்புக்கு வரவும் காலமாகும். பாலையோ வறட்சி தாங்கும், வேர் வலுவானது. அதனால்தான் அதன்மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். கட்டிய இடம், அடித்தண்டில் லேசான புடைப்பாகவோ வளைவாகவோ கடைசி வரை தெரியும். அதற்குக் கீழிருந்து வருவது எல்லாம் பாலைதான்.

இலையைப் பார்த்தாலும் புரிந்துவிடும். சப்போட்டா இலை நீண்டு, நுனி குறுகியிருக்கும். பாலை இலை சிறியது, தடித்தது, நுனி அகன்று நடுவில் சற்றே உள்வாங்கியிருக்கும். இந்தத் துளிரை விட்டுவைத்தால், வேர் அனுப்பும் நீரையும் சத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சில ஆண்டுகளில் மேலே உள்ள சப்போட்டா மெலிந்து, பட்டும் போகலாம். "ஒட்டுக்கன்றுதான் வைத்தோம், காய் மாறிவிட்டது" என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். பாவம், நாற்றுப்பண்ணைக்காரர்தான் திட்டு வாங்குகிறார்.

ரோஜாவிலும் இதே கதைதான். ஐந்து இலை நல்லது, ஏழு இலை காட்டுச்செடி என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை நான் நம்புவதில்லை. நல்ல ரகங்களிலும் ஏழு இலை வருவதுண்டு. ஒட்டுக்கு மேலா கீழா என்று பார்ப்பதே சரி.

எப்படி எடுப்பது? தரைமட்டத்தில் நறுக்கினால் வேலை முடியாது. வெட்டிய அடிக்கட்டையில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. நுனி இருக்கும் வரை அங்கே உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி கீழிறங்கி அவற்றை அடக்கிவைக்கும். நுனி போனதும் அவை விழித்துக்கொள்ளும். ஒன்று போன இடத்தில் நான்கு வரும். எனவே மண்ணை விலக்கி, துளிர் புறப்படும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். விரல் நீளத்தில் இளசாக இருக்கும்போதே கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தால், அடிமொட்டுகளும் சேர்ந்து வந்துவிடும். முற்றிப்போயிருந்தால் கூரான கத்தியால் தண்டோடு ஒட்டி அறுத்து, பெரிய காயமானால் போர்டோ பசை தடவுங்கள். களைக்கொல்லி மட்டும் வேண்டாம். துளிரும் மரமும் ஒரே வேரில் நிற்கின்றன; மருந்து தாய்மரத்துக்கும் போய்விடும்.

இனி, சொந்த வேரில் நிற்கும் மரங்கள். குச்சி நட்டோ பதியம் போட்டோ வளர்த்த மாதுளையில் அடித்துளிரும் அதே மாதுளைதான். மூன்று நான்கு தண்டுகளை விட்டு மற்றவற்றை எடுத்துவிடலாம். ஒரு தண்டில் துளைப்பான் புழு விழுந்தாலும் மற்றவை காய்க்கும். கறிவேப்பிலையோ வேரிலிருந்தே தள்ளித்தள்ளிக் கிளம்பும். மண்வெட்டி பட்டு வேர் காயப்பட்டால் இன்னும் அதிகமாக. மழைக்காலத்தில் வேர்த்துண்டோடு பெயர்த்து நட்டால் அடுத்த வீட்டுக்கும் ஒரு கன்று ஆயிற்று. சுற்றி நிற்பது எல்லாமே வேர்க்கன்று அல்ல. பறவை தின்று போட்ட விதையிலிருந்தும் முளைக்கும். லேசாகத் தோண்டினால், தனி ஆணிவேர் இருந்தால் அது விதைக்கன்று.

வாழைக்குப் பக்கக்கன்றுதான் அடுத்த தலைமுறை என்பது உங்களுக்குத் தெரியும். ஈட்டிபோல் குறுகிய இலையோடு வருவதை வைத்துக்கொண்டு, அகன்ற இலை விடும் நீர்க்கன்றை எடுத்துவிடுங்கள்.

சரி, சப்போட்டாவைப் பாலை ஏற்கெனவே அமுக்கிவிட்டது என்றால்? ஒட்டுக்கு மேலே ஒரு பச்சைக் கிளையாவது உயிரோடு இருந்தால், பாலைத் தண்டுகளை ஒரேயடியாக அல்லாமல் சிறிது சிறிதாகக் கழித்து அந்தக் கிளையைத் தேற்றலாம். முழுக்கப் பட்டுப்போயிருந்தால், ஒட்டுக் கட்டத் தெரிந்தவரை அழைத்து அந்தப் பாலைத் தண்டிலேயே மறுபடி சப்போட்டா ஒட்டச் சொல்லிப் பாருங்கள். அதுவும் பிடிக்கவில்லையென்றால் பாலையாகவே வளரட்டும். இலங்கையின் வன்னிப் பக்கம் அந்தச் சின்ன மஞ்சள் பழத்தைத் தேடிப்போய்ப் பறித்துச் சாப்பிடுகிறார்கள்.