வானத்துச் சேதியை நம்புவது எப்படி?

(கல்மண்டபத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



மழையையும் புயலையும் பற்றி நாள்தோறும் நம் காதுக்கு வரும் சேதிகளில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்பதைப் பற்றிப் பேசும்படி இவ்வூர்த் தோழர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். பகுத்தறிவு பேசுகிறவர்களுக்கு மழைச் சேதியில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். வானத்தைக் காட்டித்தான் மனிதனை நெடுங்காலமாக ஏமாற்றி வந்திருக்கிறார்கள். ஆதலால் வானத்தைப் பற்றிப் பேசுவது நமக்கு முதல் வேலையேயாகும்.

அதிலும் இவ்விஷயத்தைக் கல்மண்டபத்தில் பேசுவது மிகவும் பொருத்தமென்றே கருதுகிறோம். பக்கத்தில் காசிமேட்டு மீன்பிடி துறைமுகம்; தெற்கே சென்னைத் துறைமுகம்; வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும். இங்குள்ளவர்களில் படகேறுகிறவர்கள் உண்டு. மூட்டை தூக்குகிறவர்கள் உண்டு. இராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்கள் உண்டு. கால்வாய்க் கரையில் குடியிருக்கிறவர்களும் உண்டு. மாடி வீட்டுக்காரருக்கு மழைச் சேதி பொழுதுபோக்காயிருக்கலாம். உங்களுக்கோ பொய்ச் சேதியை நம்பினால் ஒரு நாள் கூலி போய் அடுப்பு எரியாது. மெய்ச் சேதியை நம்பாமற் போனால் உயிரே போய்விடும். இரண்டு பக்கமும் நஷ்டம் ஏழையின் தலையிலேயே விழுகிறது.

முதலில் பஞ்சாங்கத்தை எடுத்துக் கொள்ளுவோம். இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, பூமிக்கு இத்தனை பங்கு என்று அதில் எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாம் ஒன்று கேட்கின்றோம். அந்த மழை இராயபுரத்திலா, இராமநாதபுரத்திலா? எந்தத் தேதியில்? எத்தனை சென்டிமீட்டர்? ஒன்றும் கிடையாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்யும் என்று சொல்ல ஒரு சாஸ்திரம் வேண்டுமா? நமது சென்னையில் வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது என்பது இங்குள்ள எந்தக் கிழவிக்கும் தெரியும். பெய்துவிட்டால் "பஞ்சாங்கம் அன்றே சொல்லிற்று" என்பார்கள். பெய்யாவிட்டால் அந்தப் பக்கத்தைப் பிறகு யாரும் புரட்டுவதேயில்லை. பலித்ததை மட்டும் எண்ணி, பலிக்காததை எண்ணாமல் விடுவதற்குப் பெயர் கணக்காகுமா என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்க, பஞ்சாங்கத்தைத் தள்ளிவிட்டோம் என்று மார்தட்டுகின்ற படித்த வாலிபர்களும் இப்போது வேறொரு பஞ்சாங்கத்தைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டிருக்கிறார்கள். அதுதான் கைப்பேசிக்கு வந்து விழும் வாட்ஸப் சேதி. 2015ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, "அமெரிக்காவின் நாசா சொல்லிவிட்டது, சென்னைக்கு 250 சென்டிமீட்டர் மழை வரப்போகிறது" என்று ஒரு சேதி பரவி, எத்தனையோ பேர் நடுநடுங்கிப் போனார்கள். நாசா அப்படிச் சொல்லவேயில்லை. அதைத் தெரிந்து கொள்ள நாசாவரைக்கும் போகவேண்டியதுமில்லை. சென்னையில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் சராசரி மழை சுமார் 140 சென்டிமீட்டர். அந்த டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் ஊரையே மூழ்கடித்த மழை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். இந்த இரண்டு எண்களையும் அறிந்தவன், 250 என்பது ஏறக்குறைய இரண்டு வருஷ மழை என்பதைக் கண்டு, அந்தச் சேதியை அப்பொழுதே அழித்திருப்பான். "பகவான் சொன்னார்" என்றால் சிரிக்கிறவன், "நாசா சொன்னது" என்றால் கைகட்டி நிற்பானேயானால், அவன் சாமியை மாற்றிக் கொண்டானேயொழிய புத்தியை மாற்றிக் கொள்ளவில்லை என்றுதான் சொல்லுவோம்.

ஆகவே, எந்தச் சேதி வந்தாலும் நாலு கேள்வி கேளுங்கள். ஒன்று, சொன்னது யார்? இரண்டு, என்றைக்கு, எத்தனை மணிக்குச் சொன்னது? மூன்று, எந்த ஊருக்கு, எந்த நாளுக்குச் சொன்னது? நான்கு, எவ்வளவு மழை, எவ்வளவு காற்று என்று அளவு சொல்லியிருக்கிறதா? இந்நான்குக்கும் பதில் இல்லாத சேதி எவ்வளவு பெரிய மனிதரிடமிருந்து வந்தாலும் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். போன வருஷத்துப் புயல் படத்தை இன்றைக்கு அனுப்பிப் பயமுறுத்துகிற காரியமெல்லாம் இரண்டாவது கேள்வியிலேயே செத்துப் போகும்.

அப்படியானால் பதிலுள்ள சேதி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். அதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. நம் வரிப்பணத்தில் நடப்பதையே எடுத்துக் கொள்ள வேண்டியதுதான். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கும்பினியார் ஒரு வானாராய்ச்சி நிலையம் கட்டினார்கள். அந்த நுங்கம்பாக்கத்தில்தான் இன்றைக்குச் சென்னை வட்டார வானிலை மையம் இருக்கிறது. அதன் தலைமை நிலையமாகிய இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் ஏற்பட்டது. அதன் அறிக்கைகள் தமிழிலும் வருகின்றன. "மௌசம்" என்ற பெயருள்ள அதன் தளத்திலும், அதே பெயருள்ள கைப்பேசிச் செயலியிலும் யாரும் பார்க்கலாம். கடல் அலையையும் நீரோட்டத்தையும் பற்றி ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிலையம் தனியே எச்சரிக்கை தருகிறது. இங்கே காற்றே இல்லாதபோதும் எங்கோ தெற்குச் சமுத்திரத்தில் கிளம்பிய அலை வந்து கரையை அடிக்கும் "கள்ளக்கடல்" சங்கதியை அதில்தான் அறியவேண்டும். இப்படிப்பட்ட சர்க்கார் தளங்களின் முகவரியில் "கவ்.இன்" என்ற முடிவு இருக்கும், அதைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதோ நம் துறைமுகத்துக் கட்டிடத்தின் உச்சியிலேயே ஒரு டாப்ளர் ரேடார் இருக்கிறது. 2002இல் வைத்தது. அது மேகத்திலுள்ள மழைத்துளியின் மேல் அலையை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு மழை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகருகிறது என்று காட்டும். அந்தப் படத்தை நீங்களே பார்க்கலாம். ஆனால் படத்தின் மேலுள்ள நேரத்தை முதலில் பாருங்கள். அது உலகப் பொது நேரமாயிருந்தால் ஐந்தரை மணியைக் கூட்டிக் கொள்ள வேண்டும். பழைய படத்தைப் பார்த்துப் படகை எடுப்பதைவிடப் பார்க்காமலிருப்பதே மேல்.

கிடைத்தால் மாத்திரம் போதாது, படிக்கவும் தெரியவேண்டும். "ஓரிரு இடங்களில் மழை" என்றால் அந்த வட்டாரத்து அளவை நிலையங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாத இடங்களில் என்று அர்த்தம். அப்படிச் சொன்ன நாளில் நம் தெருவில் பெய்யாவிட்டால் அறிக்கை பொய்யாகிவிடாது. "கனமழை" என்றால் ஒரு நாளில் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டருக்கு மேல். "மிகக் கனமழை" என்றால் பதினொன்றரைக்கு மேல். "அதி கனமழை" என்றால் இருபதுக்கு மேல். அந்த நாளும் காலை எட்டரை மணிக்கு ஆரம்பித்து மறுநாள் எட்டரைக்கு முடிவது. பத்தடிக்குப் பத்தடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். அதைத் தெருவுக்கும் ஊருக்கும் பெருக்கிப் பார்த்தால், கால்வாய் ஏன் நிரம்புகிறது என்பதற்கு வருணனைத் தேட வேண்டியிராது. மஞ்சள் நிறமென்றால் கவனமாயிரு, ஆரஞ்சென்றால் தயாராயிரு, சிவப்பென்றால் உடனே காரியத்தில் இறங்கு என்பது பொருள்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பற்றியும் ஒரு தப்பு நினைப்பு இருக்கிறது. பத்தாம் நம்பர் என்றால் எட்டாம் நம்பரைவிடப் பெரிய புயல் என்று டீக்கடையில் பேசிக் கொள்ளுகிறார்கள். 8, 9, 10 மூன்றும் பேரபாயம்தான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை கடக்கும் என்பதுதான் அவற்றுக்குள்ள வித்தியாசம். 5, 6, 7க்கும் அப்படியே. பதினோராம் நம்பரோ, எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பே அறுந்து போயிற்று என்பதற்கு அடையாளம். இக்கூண்டு கப்பல்காரர்களுக்காக ஏற்பட்ட பாஷை. அதைக் கொண்டு தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்குமென்று கணக்குப் போடக்கூடாது.

இதற்கு ஒரு ஆக்ஷேபணை வரும். "நீங்கள் புகழுகிற வானிலைக்காரர்களும் தவறுகிறார்களே! 2024 அக்டோபர் 16ஆம் தேதி சிவப்பு எச்சரிக்கை என்றார்கள், ஜனங்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தினார்கள், மழை எங்கே?" என்று கேட்பார்கள். மெய்தான். முந்திய நாள் வடசென்னையில் கொட்டிய மழை அன்று கொட்டவில்லை. அந்தத் தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி விடியற்காலையில் சென்னைக்குப் பக்கத்திலேயே கரை ஏறியும் பெருமழை இங்கு விழவில்லை. அதேபோல அடுத்த மாதம் 28ஆம் தேதி, தாழ்வு மண்டலம் புயலாக மாறாது என்றார்கள். 29ஆம் தேதி அது ஃபெஞ்சல் புயலாகிவிட்டது. 30ஆம் தேதி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் நின்று, அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது.

ஆனால் தோழர்களே, இவ்விரண்டு தவறுதலையும் நாம் எப்படிக் கண்டுபிடித்தோம்? அவர்கள் தேதியும் இடமும் அளவும் போட்டுச் சொன்னதனால்தான். தவறு என்று காட்டக்கூடியபடி பேசுகிறவனிடம்தான் நாணயம் இருக்கிறது. எந்தக் காலத்திலும் தவறு என்று காட்டமுடியாதபடி பேசுகிறவன் சோசியன். 28ஆம் தேதி சொன்னதை 29ஆம் தேதி மாற்றிச் சொன்னார்களென்றால், இடையில் புதிய அளவு கிடைத்ததென்று அர்த்தம். காற்றும் கடலும் நொடிக்கு நொடி மாறுவதால், யந்திரக் கணக்கையே சிறு சிறு வித்தியாசத்தோடு பலமுறை போட்டுப் பார்த்து, அதிக விடைகள் எந்தப் பக்கம் விழுகின்றனவோ அந்தப் பக்கத்தைச் சொல்லுகிறார்கள். ஆகையால் ஐந்து நாளைக்கு முன் சொன்னதைவிட இன்று காலை சொன்னது பெரிது. இன்று காலை சொன்னதைவிட இப்போது சொன்னது பெரிது. எச்சரிக்கை வந்து மழை வராத நாளில் நமக்கு நஷ்டம் ஒரு நாள். அதைச் சாக்காக்கி அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்தால் வரும் நஷ்டத்துக்குக் கணக்கேயில்லை.

அல்லாமலும், வானிலைத் துறையைப் புதிய கோயிலாக்கும்படி நாம் சொல்லவில்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரிப் பக்கத்தில் மிகச் சீக்கிரமாக உருவெடுத்தபோது, ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பல நாளைக்கு முன்பே கரையை விட்டவர்கள். கரையில் போட்ட எச்சரிக்கை அவர்கள் காதுக்கு எப்படிப் போகும்? நூற்றுக்கணக்கானவர்கள் மடிந்தும் காணாமலும் போனார்கள். சேதி பிறந்தால் போதாது, உரியவனிடம் போய்ச் சேரவேண்டும் என்பதே அதன் பாடம். ஆதலால் ஆழ்கடலுக்குப் போகும் படகிலெல்லாம் சேதி வாங்கும் கருவி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல தமிழில், நேரத்தோடு அறிக்கை வேண்டுமென்று கேட்பதும் உங்கள் உரிமை. கும்பிடு போட்டுப் பெறவேண்டிய தயவு இதில் ஒன்றுமில்லை.

கடலோடிகளின் அனுபவத்தையும் நாம் குறைவாகச் சொல்ல வரவில்லை. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பிரித்தறிந்து, நீரின் நிறத்தைப் பார்த்து வலை போடுகிறவர்களின் அறிவு, தினம் தினம் உயிரைப் பணயம் வைத்துப் பரீட்சை செய்த அறிவு. அதைப் பஞ்சாங்கத்தோடு சேர்க்கமாட்டோம். ஆனால் கண்ணுக்கு எட்டுவது சில மணி நேரந்தான். நாலு நாள் தூரத்தில் அந்தமான் பக்கம் கிளம்புவதைப் பார்க்க, மேலே சுற்றும் செயற்கைக்கோள்தான் வேண்டும். இரண்டையும் வைத்துக் கொள்ளுகிறவனே புத்திசாலி.

வானிலை வேறு, காலநிலை வேறு என்பதையும் சொல்லிவிடுகிறோம். இன்றைய மழை வானிலை. முப்பது வருஷத்து மழையின் சராசரி காலநிலை. ஒரு நாள் குளிர்ந்ததைக் கொண்டு பூமி சூடாகவில்லை என்பவனும், ஒரு நாள் வெயிலைக் கொண்டு உலகம் முடிந்தது என்பவனும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். காலநிலையைப் பற்றி யாராவது பேசினால், எத்தனை வருஷத்துக் கணக்கு என்று கேளுங்கள்.

முடிவாக ஒரு காரியம் சொல்லுகிறோம். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இவ்வூர் வாசகசாலைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். அதில் மூன்று பத்தி கீறி, ஒன்றில் பஞ்சாங்கம் சொல்லுவது, ஒன்றில் வாட்ஸப் சொல்லுவது, ஒன்றில் வானிலை மையம் சொல்லுவது என்று அக்டோபர் முதல் தேதியிலிருந்து டிசம்பர் கடைசி வரை 92 நாளும் எழுதுங்கள். மாடியில் நேரான சுவருள்ள ஒரு பாத்திரத்தை வைத்து, தினம் காலை எட்டரை மணிக்கு நீரை அளவுகோலால் அளந்து நாலாவது பத்தியில் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண்பிள்ளைகளை, அந்த வேலைக்கு வையுங்கள். ஜனவரி முதல் தேதி மூன்று பத்தியிலும் பலித்தது எத்தனை, தவறியது எத்தனை, ஒன்றுமே சொல்லாமல் விட்டது எத்தனை என்று ஊர் கூடி எண்ணுங்கள். எந்தப் பத்தியை வைத்துக் கொள்ளுவது, எந்தப் பத்தியை அழிப்பது என்பதை அன்றைக்கு நீங்களே தீர்மானம் செய்யுங்கள் என்று சொல்லி, நமது பேச்சை முடித்துக் கொள்ளுகின்றோம்.