வீடே பள்ளியான ஒரு நாள்

(சங்கராபுரத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனை மேடையேற்றிவிட்டோம், புணர்ச்சியிலக்கணத்தைத் தொடங்கிப் பொழுதைக் கொன்றுவிடுவானே என்று அஞ்சியிருப்பீர்கள். அஞ்சவேண்டா. என் வீட்டில் நடந்த ஒரு நாளைச் சொல்லி அமர்ந்துவிடுகின்றேன். நான் வென்ற நாளைச் சொல்ல வரவில்லை. தோற்ற நாளைச் சொல்ல வந்தேன்.

நம் தனித்தமிழ் இயக்கம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் பிறந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். கிறித்தவக் கல்லூரிப் பணியை 1911-இல் விட்டுப் பல்லவபுரத்தில் குடியமர்ந்த மறைமலையடிகளார், 1916-இல் தம் மகளார் நீலாம்பிகையாரோடு தோட்டத்தில் உலவிக்கொண்டிருந்தார். வள்ளலார் பாட்டொன்றில் வரும் 'தேகம்' என்னும் வடசொல்லின் இடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் அமைந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று மகளாரிடம் கூறினார். இனி நாம் தனித்தமிழிலேயே பேசவும் எழுதவும் தொடங்கலாமே என்னும் முடிவு அப்பேச்சிலிருந்து எழுந்தது. அம்மையாருக்கு அப்போது அகவை 13. தந்தையாரிடம் தமிழ் கற்ற அப்பெண் 1925-இல் 'தனித்தமிழ்க் கட்டுரைகள்' என்னும் நூலை வெளியிட்டார். வீடு பள்ளியானால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இந்த நினைப்புத்தான் எனக்குத் தலைக்கேறியிருந்தது. 2020-ஆம் ஆண்டு ஆடித்திங்கள். கொரோனாக் கொள்ளைநோயால் பள்ளிகள் பூட்டிக்கிடந்தன. ஊரடங்குக்கு முன்பே வந்திருந்த என் மகள் வயிற்றுப் பிள்ளைகள் இருவரும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டனர். பெயரனுக்கு எட்டு அகவை, பெயர்த்திக்கு ஆறு. இருவரும் நகரத்து ஆங்கிலவழிப் பள்ளியில் பயில்வோர். பள்ளி மூடினால் என்ன, தமிழாசிரியன் வீடல்லவா இது என்று இறுமாந்து, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் பாயை விரித்து, கற்பலகையும் கையுமாக அமர்ந்தேன்.

"தாத்தா, வாட்டர் வேணும்" என்றாள் சிறியவள். "தண்ணீர் என்று சொல்" என்றேன். சொன்னாள், குடித்தாள். "என் ரெட் கலர் பால் எங்க?" என்றாள். "சிவப்புப் பந்து" என்றேன். பேப்பர் என்றாள், தாள் என்றேன். சேர் என்றாள், நாற்காலி என்றேன். வாய் திறந்தபோதெல்லாம் என் திருத்தம் காத்திருந்தது. தேர்வுத்தாள் திருத்தும் சிவப்புமைக் கை அல்லவா இது. முப்பதாண்டுப் பழக்கம் எளிதில் விடுமா? பதினொரு மணிக்கெல்லாம் அவள் பேச்சு நின்றுவிட்டது. நீர்வேட்கை எடுத்தபோது மண்பானையை விரலால் சுட்டிக்காட்டினாள். நானோ, பிழையின்றி அமர்ந்திருக்கின்றாள் என்று மகிழ்ந்தேன்!

என் அன்னையார் எழுத்தறியாதவர், எண்பதைக் கடந்தவர். பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "பிள்ள வாயக் கட்டிப்போட்டுட்டு என்னத்தடா படிப்புச் சொல்லிக் குடுக்கற?" என்று கேட்டார். கேட்டுவிட்டு இருவரையும் கைப்பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். பாயில் நான் மட்டும் இருந்தேன்.

சிறிது பொழுது கழித்து நானும் போனேன். முறத்தில் கேழ்வரகு. அன்னையார் முறத்தை மேலும் கீழும் எற்றினார். உமியும் தூசும் பறந்தன. "இது பொடைக்கிறது." பிறகு பக்கவாட்டில் அசைத்தார், மணி ஒருபுறம், கல் ஒருபுறம் ஒதுங்கின. "இது கொழிக்கிறது." மெல்ல அலைத்தார். "இது தெள்ளுறது." சிறியவள் முறத்தைப் பிடுங்கிக் கொழித்தாள், பாதிக் கேழ்வரகு தரையில். கோழிக்குக் கொண்டாட்டம்.

இங்கே ஆசிரியன் புத்தியில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை, பொறுத்தருள்க. ஆறு மணல் கொழிக்கின்றது என்கின்றோம். அந்தக் கொழிப்பும் இந்த முறத்துக் கொழிப்பும் ஒன்றே. தெள்ளுதலும் தெளிவும் ஒரு வேரில் பிறந்தவை. கல்லூரியில் நான் ஏட்டில் கற்ற இச்சொற்கள் என் வீட்டுப் பின்கட்டில் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருந்தன. நான் செவி கொடுக்கவில்லை.

பெயரனுக்குப் படியும் உழக்கும் ஆழாக்கும் கிடைத்தன. ஆழாக்கால் இரண்டு முறை அளந்தால் ஓர் உழக்கு. உழக்கு நான்கு ஒரு படி. காற்படி, அரைப்படி என்று அளந்தவன், ஆழாக்கு அரைக்கால் படி என்பதைத் தானே கண்டுபிடித்துக் கூவினான். எட்டில் ஒன்று என்று நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் கொட்டாவி விட்டிருப்பான்.

பிற்பகலில் வேலியோரம் இரு தலைகள் தெரிந்தன. அடுத்த தெருவில் கரும்பு வெட்டும் குடும்பத்துப் பிள்ளைகள். அழைத்தோம். அச்சிறுமி முறத்தைப் பிடித்த பிடியிலேயே கைத்திறம் தெரிந்தது; ஒரு மணியும் சிந்தவில்லை. ஆனால் கற்பலகையைக் கொடுத்தபோது அகரம் எழுதினாள், ஆகாரம் எழுதினாள், இகரத்தில் கை நின்றுவிட்டது. இரண்டாம் வகுப்புக்குப் போயிருக்கவேண்டிய பிள்ளை. நான்கு திங்களில் எழுத்து கையைவிட்டுப் போயிருந்தது. எங்கள் பிள்ளைகளிடம் எழுத்து இருந்தது, சொல் இல்லை. அவளிடம் சொல் இருந்தது, எழுத்து போயிற்று.

ஆகவே, வீடே போதும், பள்ளி வேண்டா என்று இந்த மேடையில் யாரும் முழங்கவேண்டா. 1826-ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில் ஆளுநர் தாமசு மன்றோ, சென்னை நகரில் மட்டும் 26,903 பிள்ளைகள் வீட்டில் கற்பதாகவும், அது பள்ளியில் கற்போரைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் என்றும் எழுதினார். எண்ணில் பிழையிருக்கலாம் என்று அவரே ஐயுற்றார். எண் எதுவாயினும் ஆகுக. ஆசிரியனை வீட்டுக்கு வருவிக்கும் வாய்ப்பு எவருக்கு இருந்தது? கூலிக்குப் போன தாய் தந்தையரின் பிள்ளைக்கா? நம் தலைமுறையிலும் அதுவே நடந்தது. 2020 மார்ச்சுத் திங்களில் மூடிய பள்ளிகள், முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. 19 திங்கள்! கைப்பேசியில் பாடம் என்றார்கள். கல்வராயன் மலையிலோ அலையே எட்டாத சிற்றூர்கள் பல. 2021 அக்தோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி, மாலைதோறும் தன்னார்வலர்கள் தெருவில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார்த்திய பிறகே பலருக்கு எழுத்து மீண்டது. பெயரும் தூய தமிழ், செயலும் நற்செயல்.

எங்கள் வீட்டுக்கு மீள்வோம். விளக்கேற்றும் வேளையில் நகரிலிருந்து என் மகள் கைப்பேசியில் அழைத்தாள். காலையிலிருந்து என்னோடு பேசாத சிறியவள் ஓடிப்போய், "அம்மா, நான் கேழ்வரகு கொழிச்சேன்!" என்றாள்.

"கொழிச்சியா? அப்படின்னா என்னடி?" என்றாள் என் மகள்.

பெரியீர், ஊரார் பிள்ளைகளுக்குத் தொல்காப்பியம் சொன்னவனின் மகள் அவள். அவளையும் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்தவன் நான்தான். கட்டணம் கட்டிய கை இதுதான். பதில் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. சிறியவள் என் முகத்தைப் பார்த்தாள், திருத்துவேன் என்று எண்ணினாளோ என்னவோ. நான் பேசாதிருந்தேன். அவள் அடுக்களைக்கு ஓடினாள். முறம் எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தது. சோற்றுத்தட்டை எடுத்துவந்து, கைப்பேசித் திரைக்கு முன்னே பக்கவாட்டில் அசைத்து, "இப்படிம்மா, இப்படி" என்று தன் தாய்க்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.