மின்சாரப் பரிசோதனைக்கு அஞ்ச வேண்டாம்
(ஜும்ஆவுக்குப் பின் ஆற்றிய உரை)

 

வலிப்பு கண்ட பிள்ளைகளை ஓதிப் பார்ப்பதற்காக நம்மிடம் அழைத்து வருகின்றனர். நாமும் ஓதி துஆச் செய்கிறோம். ஆயினும், ‘தலையில் கரண்ட் வைப்பார்களாமே’ என அஞ்சி, மருத்துவர் எழுதிக் கொடுத்த இ.இ.ஜி. பரிசோதனையைத் தள்ளிப்போடும் பெற்றோர் சிலர் உள்ளனர். அவ்வச்சத்தைப் போக்குவது நம் கடமையாகும்.

நமது மூளை நுண்ணிய மின் துடிப்புகளால் இயங்குகிறது. ஜெர்மனியின் யேனா நகர மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டார். அதுவே இ.இ.ஜி. தலையில் பசை தடவி ஏறக்குறைய 20 சிறு தகடுகளைப் பொருத்துவர். கருவி மூளையின் அலைகளைக் குறித்துக்கொள்ளுமேயன்றி உள்ளே மின்சாரம் செலுத்தாது. வலியில்லை, முடி மழிக்க வேண்டியதில்லை. தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் செல்ல வேண்டும். மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தலாகாது.

இ.இ.ஜி. சரியாக இருந்தாலும் வலிப்பு நோய் இல்லையென முடிவு கட்ட இயலாது. எனவே, வலிப்பை நேரில் கண்டவர் உடன் சென்று விவரம் கூறுதல் அவசியம்.

கை கால் மரத்துப்போகும் நீரிழிவு நோயாளிகளுக்கு நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்வர். இதில் சிறு மின்னதிர்வு தருவர். சுருக்கென்று இருக்கும், நொடியில் நீங்கும். தசைகளின் நிலையை அறிய மெல்லிய ஊசி செலுத்தும் ஈ.எம்.ஜி. உண்டு. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும்.

பெண் பிள்ளைக்கு வலிப்பு என்றால், ‘வெளியே தெரிந்தால் சம்பந்தம் வராது’ என மறைக்கின்றனர். மறைத்த நோய் அடுப்படியிலும் கிணற்றடியிலும் உயிருக்கே உலை வைக்கும். முறையான மருந்தினால் 10 பேரில் 7 பேர்வரை வலிப்பின்றி வாழ முடியும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதில் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

ஓதுவதும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. துஆவுக்கு நம்மிடம் வாருங்கள். பரிசோதனைக்கு மருத்துவரிடம் செல்லுங்கள். வல்ல அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.