ஞாயிறும் விருந்தும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

காவிய நயம் பற்றியோ இலக்கண நுட்பம் பற்றியோ பேசும் தகுதி எனக்கில்லை. பள்ளி இறுதித் தேர்வோடு ரயில்வே பணிக்கு வந்த எழுத்தன் நான். ஆதலின் நம் எல்லார்க்கும் தெரிந்த ஒரு பொருளையே எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையும், அன்று நம் இல்லங்களுக்கு வரும் விருந்துமே அப்பொருள்.

ஞாயிறு விடுமுறை வானத்திலிருந்து விழுந்ததன்று, கேட்டுப் பெற்றது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் தொழிலாளர் வாரம் முழுதும் ஓய்வின்றி உழைத்த காலத்தில், நாராயண் மேகாஜி லோகண்டே என்னும் பெருமகனார் அவர்களை ஒன்றுதிரட்டி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று விண்ணப்பித்தார். பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1890இல் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். மறு ஆண்டில் வந்த தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வை ஏற்றுக்கொண்டது. 2005இல் லோகண்டே அவர்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டு நாடு நன்றி செலுத்தியது.

ரயில்வே ஊழியருக்கு இவ்வுரிமை 1930ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் வந்தது. இன்று நடப்பில் உள்ள 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், இடைவிடாத பணியில் உள்ளோர்க்கு ஞாயிறு தொடங்கும் ஒவ்வொரு வாரத்திலும் 30 மணி நேரம் தொடர்ந்த ஓய்வு தரவேண்டும் என்கிறது. ஞாயிறன்றே ஓய்வு தரவேண்டும் என்று அது சொல்லவில்லை. வண்டிகளுக்கு ஞாயிறு ஏது? ஆகவே நம்மில் சிலர்க்கு ஞாயிறு செவ்வாயன்று வரும். சிலர்க்கு வியாழனன்று வரும். என்று வந்தாலும் அதை ஞாயிறு என்றே மனம் கொண்டாடுகிறது.

மற்ற ஊர்களில் ஞாயிறு என்றால் எண்ணெய்க் குளியல், சற்றுத் தாமதமான உணவு, பிற்பகல் உறக்கம். நம் ஊரின் ஞாயிறு அப்படியன்று. சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவே. காலையில் சென்னையில் புறப்படும் சப்தகிரி விரைவு வண்டி, உச்சி வேளைக்குள் உறவினரைக் கொண்டுவந்து இறக்கிவிடும். சனிக்கிழமை பெருமாளுக்குகந்த நாள். அன்று மலையேறியவர் ஞாயிறு காலை மொட்டைத் தலையில் சந்தனமும் கையில் லட்டுமாக நம் வாயிலில் நிற்பார். புரட்டாசியிலோ சொல்லவே வேண்டாம். திருப்பதியில் குடியிருப்பவன் வீட்டை உறவினர் வீடென்று நினைப்பதில்லை. சத்திரம் என்றே நினைக்கிறார்கள் என்று நாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

ஆயினும் அவ்வுறவினர் வராமற்போனால் நமக்கு என்ன இருக்கிறது? தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகக் குறித்த வேங்கடத்தின் அடியில் நாம் வாழ்கிறோம். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960இல் எல்லைகள் திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கிறார்கள், அது நன்றே. தமிழ் எழுத்தையும் இலக்கணத்தையும் வகுப்பு வைத்துக் கற்பித்துவிடலாம். ஆனால் ஓர்ப்படி யார், சகலை யார், ஒன்றுவிட்ட சித்தப்பா எப்படிச் சித்தப்பா ஆனார் என்பவற்றை எந்தப் புத்தகம் கற்பிக்கும்? கூடத்தில் பாய் விரித்துத் தாயக்கட்டை உருட்டும் பாட்டியே அதற்கு ஆசிரியை. ஞாயிறு விருந்து நின்றால், அந்தப் பள்ளியும் மூடப்படும்.

விருந்தை எதிர்கொள்வதில் இவ்வூர்க்கு ஒரு பழம்பெருமை உண்டு. இராமாநுசர் திருமலைக்கு எழுந்தருளியபோது, அவர்தம் தாய்மாமனாகிய பெரிய திருமலை நம்பிகள், முதுமையையும் பொருட்படுத்தாது தாமே எதிர்கொண்டழைக்க வந்தாராம். யாரேனும் ஒரு சிறியவரை அனுப்பியிருக்கலாகாதா என்று இராமாநுசர் வருந்தினாராம். தெருவெல்லாம் தேடியும் தம்மினும் சிறியவரைக் காணவில்லை என்றாராம் நம்பிகள். வைணவப் பெரியோர் வழிவழியாகச் சொல்லிவரும் இச்செய்தியில் எனக்கொரு பாடம் தென்படுகிறது. விருந்தினர்க்குச் செய்யும் தொண்டை வீட்டின் பெரியவர் பிறரிடம் தள்ளிவிடலாகாது என்பதே அது.

நாம் அதைத் தள்ளிவிடுகிறோம் அல்லவா? யாரிடம் தள்ளுகிறோம்? இல்லத்தரசியிடம்.

எழுத்தன் ஆனபடியால் கணக்கிட்டுச் சொல்கிறேன். வீட்டில் நால்வர், வந்தவர் அறுவர். பத்துப் பேருக்குக் காலைப் பலகாரம், பகல் உணவு, மாலைச் சிற்றுண்டி, இரவு உணவு என்றால் நாற்பது இலை. இடையே காப்பி எத்தனை முறை என்பதை நான் கணக்கிற் சேர்க்கவில்லை. ஆடவர் கூடத்தில் அமர்ந்து உலகியல் பேச, அவள் அடுப்பங்கரையில் நிற்கிறாள். வாரத்தின் ஆறு நாளினும் அவளுக்கு ஞாயிறே கடுமையான நாள்.

ரயில்வே சட்டம் பணியை நான்கு வகையாகப் பிரிக்கிறது. கடும் பணி, தொடர் பணி, இடைவிட்ட பணி என்பன மூன்று. நான்காவது, விலக்கப்பட்ட பணி. மேலாண்மைப் பொறுப்பில் உள்ளோர் போன்றவர் இவ்வகையினர். முன் சொன்ன ஓய்வு விதி அவர்களுக்குப் பொருந்தாது. நாமும் இல்லாளை வீட்டின் அரசி என்று புகழ்ந்து, அந்த நான்காம் வகையில் வைத்துவிட்டோம். பட்டம் கொடுத்தோம், ஓய்வைக் கொடுக்கவில்லை.

இதற்கு மருந்தும் ரயில்வேயிலேயே இருக்கிறது. நிலைய அதிகாரி வார ஓய்வில் சென்றால் நிலையத்தைப் பூட்டிவிடுவதில்லை. ‘ரெஸ்ட் கிவர்’ என்று ஒருவர் வருவார். ஒருவர்க்கு ஓய்வு தருவதே அவர் வேலை. இன்று இந்நிலையம், நாளை அடுத்த நிலையம் என்று அவர் சென்றுகொண்டிருப்பார். அவர் பச்சைக் கொடி காட்டினாலும் வண்டி போகத்தான் செய்கிறது! அன்பர்களே, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரெஸ்ட் கிவர் வேண்டும். அது கணவனாக இருக்கலாம். வளர்ந்த மகனாக இருக்கலாம். வந்த விருந்தினராகவும் இருக்கலாம்.

சில எளிய வழிகளைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, வருகிறவர் முதல்நாளே தெரிவிக்க வேண்டும். கைப்பேசி இல்லாத உறவினர் இன்று யார்? இரண்டாவது, ஞாயிறு விருந்துக்கு ஒரு சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல், மோர் போதும். மலைமேல் 1985இல் தொடங்கிய அன்னதானத்தில் எளிய உணவே எல்லார்க்கும் பரிமாறப்படுகிறது. செல்வரும் ஏழையரும் ஒரே வரிசையில் உண்டு மனநிறைவோடு எழுகின்றனர். ஏழுமலையானின் இல்லத்திற்குப் போதுமானது எழுத்தன் இல்லத்திற்குப் போதாதா? நான்கு குடும்பம் கூடும் நாளில் வீட்டுக்கொரு பண்டமாகக் கொண்டுவந்தால் சுமை இன்னும் குறையும். மூன்றாவது, பரிமாறுவதும் பாத்திரம் துலக்குவதும் ஆடவர் பொறுப்பாகட்டும். மலையில் சேவகராகச் சென்று, முன்பின் அறியாதவர்க்கெல்லாம் மகிழ்ந்து பரிமாறும் அன்பர்கள் பலர் உளர். அதே கரண்டியை வீட்டிலும் எடுத்தால் புண்ணியம் குறைந்துவிடாது. நான்காவது, பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை அடுப்பு எரியவேண்டாம். அவ்வேளை அவளுடைய ஞாயிறு. அவள் உறங்கட்டும், படிக்கட்டும், விருந்தினரோடு அமர்ந்து பேசட்டும்.

இவ்வாறு எளிமையாக்கினால் விருந்தின் மதிப்புக் குறையுமோ என்று ஐயுறுவோர் உண்டு. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதில் அவர் வலியுறுத்துவது இலையில் உள்ள பண்டங்களின் எண்ணிக்கையையன்று, முகமலர்ச்சியைத்தான். களைத்துச் சோர்ந்தவள் முகம் எவ்வாறு மலரும்? ஆகவே அவளுக்கு ஓய்வு தருவதும் விருந்தோம்பலில் ஒரு பகுதியே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் விருந்து தமிழ் வீடுகளோடு நின்றுவிடலாகாது. நாம் களி என்பதை அண்டை வீட்டார் சங்கடி என்கின்றனர். கேழ்வரகு ஒன்றே, தொட்டுக்கொள்ளும் வேர்க்கடலைத் துவையலும் ஒன்றே. ‘சாப்பிட்டீர்களா’ என்று நாம் கேட்கிறோம். ‘போஞ்சேசாரா’ என்று அவர்கள் கேட்கிறார்கள். விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று நாம் சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்கிறோம். அவர்களும் ‘வெள்ளொஸ்தானு’ என்றே சொல்கிறார்கள். இரு மொழியிலும் மீண்டும் வருவதாக வாக்களிக்காமல் யாரும் படியிறங்குவதில்லை. பண்பு ஒன்றாய் இருக்கும்போது பந்தி மட்டும் ஏன் வேறாக வேண்டும்?

அடுத்த ஆண்டு விழாவிற்குள் நம் குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டிலும் ஆடவர் ஒருவரேனும் ஒரு ஞாயிறாவது அடுப்பங்கரைப் பொறுப்பை ஏற்றுப் பார்க்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். சோறு சற்றுக் குழைந்தாலும் உறவு குழையாது.  போய் வருகிறேன்; வணக்கம்.