எல்லையும் எண்ணிக்கையும்



திருப்பதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனைச் சூழ்ந்த எல்லைகளே பன்முறை மாறின. 1911 வரை இவ்வூர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்தது. பின்னர்ச் சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் தோன்றியது. 1960-இல் படாஸ்கர் பரிந்துரைப்படி திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. 1985-இல் தாலுகாக்கள் மண்டலங்களாயின. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

படாஸ்கர் சிற்றூரையே அலகாகக் கொண்டு, அங்கு எம்மொழியினர் மிகுதி என நோக்கினார். எண்ணிக்கையே அன்று எல்லையை வகுத்தது. இன்று எல்லையை மாற்றக் கோருதல் நம் நோக்கமன்று. தெலுங்கு மக்களோடு உடன்பிறந்தாராய் வாழ்கிறோம். ஆயினும், சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க வசதி செய்யுமாறு அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகிறது. அதனை வேண்டி நிற்கையில், "நீங்கள் எத்தனை பேர்?" என்ற வினா எழும். அதற்குரிய விடை மக்கள்தொகைக் கணக்கிலேயே உள்ளது.

ஆகவே, கணக்கெடுப்பாளர் வரும்போது தாய்மொழி தமிழ் என்றும், அறிந்த பிறமொழி தெலுங்கு என்றும் தெளிவாகக் கூறுங்கள். தொட்டிற் குழந்தைக்கும் தாய்மொழி எழுதப்படும். அதனையும் மறவாது சொல்லுங்கள்.