பழைய மடிக்கணினியில் இரு இயங்குதளங்கள்



2011ஆம் ஆண்டு தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயனாக நம் வீடுகள் பலவற்றில் முதன்முதலாகக் கணினி நுழைந்தது. அவற்றுள் பல இன்று பரணில் உறங்குகின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 14-10-2025 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 அப்பழைய பொறிகளை ஏற்பதில்லை. புதியது வாங்கும் வசதி நம்மில் எத்தனை பேருக்குண்டு?

வழியுண்டு. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸ் விலை கேட்பதில்லை. பழகிய விண்டோஸை நீக்காமலே, ஒரே மனையில் இரு குடித்தனம்போல், அதனையும் நிறுவலாம். முதலில் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கவேண்டும். பிறகு விண்டோஸின் பகுதியைச் சுருக்கி, வட்டில் வெற்றிடம் ஒதுக்கவேண்டும். பழைய எம்.பி.ஆர். முறையில் முதன்மைப் பகுதிகள் நான்குக்குமேல் இயலா என்பதையும் கருதவேண்டும். விண்டோஸ் முன்னும் லினக்ஸ் பின்னுமாக நிறுவுதலே முறை. மாறினால், விண்டோஸ் தன் தொடக்க நிரலை மேலெழுதி, லினக்ஸ் செல்லும் வழியை மறைத்துவிடும். முறைப்படி அமைந்தால், கணினி எழும்போதெல்லாம் 'கிரப்' என்னும் நிரல் எது வேண்டுமென வினவும். இணையத்திற்கு லினக்ஸையும், பழைய மென்பொருள்களுக்கு மட்டும் விண்டோஸையும் கொள்க.

இவையனைத்திற்கும் முன், கோப்புகளைப் படியெடுத்துவைத்தல் வேண்டும். எங்கள் இரவுப் பாடசாலையில் அதைச் செய்யாது தொடங்கினோம். மாணவி ஒருத்தியின் ஈராண்டுக் குறிப்புகள் அழிந்தன. அவள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை; அதுவே இன்றும் எங்களை வருத்துகின்றது.

எழுத்து மறுக்கப்பட்டோரின் பிள்ளைகள் நாம். கருவியைப் பயன்படுத்துவது மட்டுமன்று, அதனைத் திறந்து சீர்செய்யக் கற்பதும் கல்வியே. பரணிலுள்ளவற்றை இறக்கிக் கொணருங்கள், கூடிக் கற்போம்.